கோல் அடிக்காதவனுக்கு என்ன விலை?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வரலாற்றுப் பாடம்தான், ஆனால் பரீட்சை இல்லை.

மூன்று நாட்களாக எங்கள் கழகத்தின் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரே வாக்குவாதம். விடயம் உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். எங்கள் இடது பின்கள வீரனை வெளியூர்க் கழகம் ஒன்று அடுத்த பருவத்துக்குக் கேட்டிருக்கிறது. ஆட்டத்துக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று பேசியும் இருக்கிறார்கள். "அதையே நாங்களும் கொடுத்து அவனை வைத்துக்கொள்வோமா?" என்று செயலாளர் காக்கா ஒரு கேள்வி போட்டார். அவ்வளவுதான், தொடங்கிவிட்டது.

"கோல் ஒண்டும் அடிக்கல்லயே, அவனுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார் ஒருவர்.

"அந்தக் காசுக்கு வெளியில இருந்து நல்ல போர்வேட் ஒராள எடுக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"நம்மட பொடியன்தானே, எங்க போகப் போறான்?" என்பது மூன்றாமவர்.

அவன் பக்கம் பேசியவர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களும் "நல்ல பொடியன், பாவம்" என்றுதான் பேசினார்களே தவிர, ஆட்டத்தைக் காட்டிப் பேசவில்லை. முந்தநாள் இஷாவுக்குப் பிறகு தேநீர்க்கடையில் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். "சேர், நீங்க ஹிஸ்டரி படிப்பிக்கிறவர்தானே, இதுக்கு ஒரு ஹிஸ்டரி செல்லுங்களன்" என்று ஒரு தம்பி பகிடியாகக் கேட்டார். நான் பகிடியாக எடுக்கவில்லை. இதற்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

1936ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் இருந்து தொடங்குகிறேன்.

மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891இல் தொடங்கப்பட்டது. கல்கத்தா லீக் போட்டிகள் 1898இல் தொடங்கின. அன்றிலிருந்து 1933 வரை முதற்பிரிவுக் கிண்ணம் ஒரு தடவைகூட இந்தியர்களின் கழகம் எதற்கும் கிடைக்கவில்லை. பிரித்தானியப் படைப்பிரிவுகளும் வெள்ளையர்களின் கழகங்களும்தான் மாறி மாறி வென்றன. 1911இல் மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று கேடயம் எடுத்த கதை பலருக்குத் தெரியும். அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு விளையாடினார்கள். ஆனால் அது கேடயப் போட்டி. பருவம் முழுக்க ஓடி வெல்ல வேண்டிய லீக் கிண்ணம் அதற்குப் பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் எட்டாமலே இருந்தது.

1934இல் மொஹமடன் கழகம் முதற்பிரிவுக்குத் தரமுயர்ந்தது. வந்த முதல் வருடமே கிண்ணத்தை எடுத்தது. 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து வருடங்கள் வேறு எவருக்கும் அதை விடவில்லை. 1936இல் லீக்கோடு கேடயத்தையும் சேர்த்து எடுத்தது. 1940இல் டியூரண்ட் கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணியும் அதுதான்.

அந்த அணியின் ஓரக்கள வீரர்களில் ஒருவர் முஹம்மத் ஸலீம். கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தவர். பல கழகங்களில் விளையாடிவிட்டு மொஹமடனுக்கு வந்தவர். சப்பாத்துப் போடமாட்டார். பந்தை ஓரத்தால் கொண்டுபோய், எதிரணிப் பின்கள வீரனைத் தாண்டி, நடுவில் நிற்பவனின் காலடியில் வைப்பதுதான் அவருடைய வேலை. கோல் அடித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஸலீம் திரும்பி நடப்பார்.

1936இல் சீனாவின் ஒலிம்பிக் அணி பேர்லினுக்குப் போகும் வழியில் இந்தியாவிலும் சில ஆட்டங்கள் ஆடியது. அதில் ஸலீமின் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் அவருடைய உறவினர் ஹாஷிமும் ஒருவர். அவர் பிரித்தானியாவில் இருந்து வந்திருந்தவர். "நீ இங்கே கிடக்க வேண்டியவன் இல்லை, வா" என்று ஸலீமைக் கப்பலேற்றிவிட்டார். கெய்ரோ, லண்டன் வழியாக இருவரும் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே செல்டிக் கழகம். முகாமையாளர் வில்லி மேலி, அந்த நாட்டில் பெரும் பெயர். ஹாஷிம் அவரிடம் போய், இந்தியாவில் இருந்து நல்ல வீரர் ஒருவர் வந்திருக்கிறார், பரீட்சித்துப் பாருங்கள், ஆனால் சின்னச் சிக்கல், வெறுங்காலோடுதான் விளையாடுவார் என்றாராம். பெரிய சப்பாத்துப் போட்டு ஆடும் ஸ்கொட்லாந்துக்காரர்கள் நடுவில் வெறுங்காலா என்று மேலி சிரித்திருக்கிறார். ஆனாலும் பார்த்தார். பார்த்த பிறகு சிரிக்கவில்லை. செல்டிக்கின் பயிற்றுநர் ஜிம்மி மெக்மெனமி குனிந்திருந்து ஸலீமின் காலுக்குத் துணி சுற்றிவிடும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டில் இருந்து போனவரின் காலை, ஒரு வெள்ளைக்காரர் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காலனித்துவம் படிப்பிக்கும்போது அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக ஸலீம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹமில்டன் அணிக்கு எதிராக 5-1. கோல்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. கோல்ஸ்டன் ஆட்டத்துக்கு மறுநாள் ஸ்கொட்லாந்துப் பத்திரிகை எழுதிய செய்தியில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஏழு கோல்களில் மூன்று ஸலீம் எடுத்துக்கொடுத்த பந்துகளால் வந்தவை. இரண்டு, தண்ட உதை கிடைத்தபோது நீ அடி என்று சொன்னார்களாம். மாட்டேன் என்றுவிட்டாராம். காரணம், கூச்சம்.

இப்போது நம்முடைய வட்ஸ்அப் குழுமத்தை அந்த ஆட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். என்ன எழுதியிருப்போம்? "ஸலீம்: கோல் 0."

மூன்று கோல்களைச் செய்துகொடுத்துவிட்டு, கிடைத்த ஒரு கோலையும் வேண்டாம் என்று சொன்ன மனிதன் கணக்கில் பூச்சியம். அந்த 7-1 ஐப் பார்க்கிற எவருக்கும் அவர் தெரியமாட்டார். மைதானத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். இந்தப் பகுதிக்காகத்தான் ஸலீமின் கதையை எடுத்தேன்.

செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. ஜேர்மனியில் இருந்தும் அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் ஸலீமுக்கு ஆங்கிலம் தெரியாது. குளிர். சாப்பாடு வேறு. வீட்டு நினைவு வாட்டியது. சில மாதங்களில் ஊருக்குத் திரும்பிவிட்டார். மொஹமடனுக்காக 1937, 1938 லீக் கிண்ணங்களையும் வென்று கொடுத்தார்.

போகாமல் தடுப்பதற்காக, அவருக்கென்று ஓர் உதவி ஆட்டம் நடத்தி நுழைவுச்சீட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் தருகிறோம் என்று செல்டிக் சொன்னதாம். ஐந்து வீதம் என்றால் எவ்வளவு என்று ஸலீமுக்கு விளங்கவில்லையாம். அன்று ஆட்டம் பார்க்க வரும் அநாதைப் பிள்ளைகளுக்கே அதைக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். பிறகு தொகை 1,800 பவுண் என்று தெரிந்து திகைத்துப்போனாலும், கொடுத்த வாக்கை மாற்றவில்லை என்பது கதை.

இதை ஜும்ஆ மேடையிலும் சொல்லலாம், அழகான கதை. ஆனால் நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளிடம் ஒரு கணக்கும் கொடுப்பேன். ஐந்து வீதம் 1,800 என்றால் மொத்த வருமானம் 36,000 பவுண். ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங். ஓர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் நுழைவுக்கட்டணம் என்று வைத்துக்கொண்டால், 720,000 பேர் வந்திருக்க வேண்டும். செல்டிக் மைதானம் ஒரு நாளும் ஓர் இலட்சம் பேரைக்கூடக் கண்டதில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் முதல்தர வீரன் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வாராந்தச் சம்பளமே 8 பவுண்தான். 1,800 பவுண் என்பது அவனுடைய 225 வாரச் சம்பளம். அப்படியென்றால் எங்கேயோ கணக்குப் பிழைத்திருக்கிறது.

ஸலீம் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கொடையாளி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுத்தில் இல்லாத கணக்கு இப்படித்தான் முடியும். கொடுத்தவன் ஒன்று சொல்வான், வாங்கியவன் ஒன்று சொல்வான், நாற்பது வருடம் கழித்துப் பிள்ளைகள் இன்னொன்று சொல்வார்கள். தன்னுடைய உழைப்பின் விலை என்ன என்று அந்த மனிதனுக்கு அன்று தெரியாது. தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

கதையின் கடைசிப் பகுதி இன்னும் கனமானது. வயதாகி ஸலீம் நோயில் விழுந்தார். தகப்பனின் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தகப்பனை அவர்கள் மறந்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் எழுதியதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். பதில் வந்தது. கடித உறைக்குள் 100 பவுணுக்கு ஒரு வங்கிக் கட்டளை. அதை மாற்றாமல் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். ஸலீம் 1980இல் மௌத்தானார்.

செல்டிக்குக்கு அவர் ஆடியது இரண்டே இரண்டு ஆட்டங்கள், அதுவும் இரண்டாம் அணிக்கு. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்தும் அவர்கள் 100 பவுண் அனுப்பினார்கள். நம்முடைய கழகங்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆடியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து தொழுகிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன அனுப்பினோம்?

இங்கே ஒருவர் கேட்கலாம். "சேர், அது பழைய காலம். இப்ப கணக்கெல்லாம் கொம்பியூட்டர் பார்க்குது. நல்லவனுக்கு நல்ல விலைதானே?" இல்லை தம்பி. 2003இல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ரியல் மட்ரிட். ஸிதான், பிகோ, ரொனால்டோ (பிரேசில்காரர்), ராவுல். அந்தக் கோடையில் பெக்கமும் வந்து சேர்ந்தார். இத்தனை பேரும் முன்னால் போய் விளையாடும்போது பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்தவர் குளோட் மக்கலேலே. 2000இல் வந்தவர். அவர் இருந்த மூன்று பருவங்களில் மட்ரிட் இரண்டு லீக் கிண்ணமும் ஒரு சம்பியன்ஸ் லீக் கிண்ணமும் எடுத்தது. மற்ற நட்சத்திரங்களோடு பார்த்தால் அவருக்குக் கிடைத்த சம்பளம் மிகக் குறைவு. கூட்டித் தாருங்கள் என்று கேட்டார். கழகத் தலைவர் மறுத்தார். நீண்ட பந்து கொடுக்கத் தெரியாது, தலையால் அடிக்கத் தெரியாது, இவர் போனால் ஒன்றும் ஆகாது என்ற தோரணையில் பேச்சும் வந்தது. மக்கலேலே செல்சிக்குப் போனார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2003-04 பருவத்தில் மட்ரிட் நாலாம் இடம். அடுத்த லீக் கிண்ணத்துக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செல்சி 2004-05, 2005-06 இரண்டு வருடமும் இங்கிலாந்துச் சம்பியன். அதில் முதல் வருடம் 38 ஆட்டங்களில் அவர்கள் விட்ட கோல்கள் 15 மட்டுமே. இன்றும் அந்த இடத்தில் ஆடுபவனை உலகம் முழுக்க "மக்கலேலே இடம்" என்று சொல்கிறார்கள். விலை கொடுக்க மனமில்லாத ஒரு வேலைக்குக் கடைசியில் அவருடைய பெயரையே வைத்தார்கள்.

நம்முடைய பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருவர் என்கோலோ கான்டே. மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர், நம்முடைய சகோதரர். 2015இல் லெஸ்டர் கழகம் அவரைச் சுமார் 56 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. எவரும் எதிர்பாராத லெஸ்டர் அந்த வருடம் இங்கிலாந்துச் சம்பியன். கோல் அடித்த வார்டியும் மஹ்ரேஸும் எல்லோர் வாயிலும் இருந்தார்கள். அடுத்த வருடம் கான்டே சுமார் 3 கோடியே 20 இலட்சம் பவுணுக்குச் செல்சிக்குப் போனார். வார்டியும் மஹ்ரேஸும் லெஸ்டரில்தான் இருந்தார்கள். லெஸ்டர் 12ஆம் இடம். செல்சி சம்பியன். 2018இல் உலகக் கிண்ணமும் அவர் கையில்.

ஒருவனுடைய விலையைப் பார்க்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. அவன் இருக்கும்போது என்ன கிடைத்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். அவன் போன பிறகு என்ன நடந்தது என்றும் பாருங்கள்.

இடத்தின் பெயரை வைத்து விலை போடும் பழக்கம் உதைபந்தாட்டத்தில் மட்டும் இல்லை. மட்டக்களப்பு நகரத்தில் வெபர் மைதானத்தில் நீங்கள் எத்தனை தடவை ஆட்டம் பார்த்திருப்பீர்கள்? அந்தப் பெயர் புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை விளையாட வைத்த அருட்தந்தை ஹரல்ட் வெபருடையது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் இருந்து இங்கே வந்து நம்மோடு வாழ்ந்து முடித்தவர். அவருடைய அந்த ஊரில்தான் 2014இல் ஒரு வழக்கு நடந்தது.

அமெரிக்கர்கள் உதைபந்து என்று சொல்வது கையில் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதும் வேறு விளையாட்டு. அதில் "டைட் எண்ட்" என்று ஓர் இடம். வரிசையின் ஓரத்தில் நிற்பவன். பாதி நேரம் எதிரியை முட்டித் தடுத்து மற்றவனுக்கு வழி விடவேண்டும், பாதி நேரம் தானே ஓடிப் பந்தைப் பிடிக்கவேண்டும். இரண்டு ஆள் வேலை. ஆனால் பந்து பிடிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓரக்காரனைவிடச் சம்பளம் குறைவு. நியூ ஓர்லியன்ஸ் அணியின் ஜிம்மி கிரஹம் இந்த இடத்தில் ஆடியவர். அணி அவரை ஒரு வருடத்துக்குக் கட்டிப்போட்டபோது, டைட் எண்ட் என்றால் சுமார் 70 இலட்சம் டொலர், பந்து பிடிப்பவன் என்றால் சுமார் 1 கோடியே 23 இலட்சம் டொலர். "நான் நிற்கும் இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் பந்து பிடிப்பவன் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறேன்" என்று அவர் வாதாடினார். நடுவர் ஏற்கவில்லை, நீ டைட் எண்ட்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு பேசி நான்கு வருடத்துக்கு 4 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

அதே ஆள், அதே கால், அதே ஓட்டம். எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்பதில் 50 இலட்சம் டொலர் வித்தியாசம். "பெக் விளையாடுறவன்தானே" என்று நம்முடைய குழுமத்தில் எழுதியதும் அதே தீர்ப்புத்தான்.

"நம்மட பொடியன்தானே, எங்க போகப் போறான்" என்றவருக்கும் ஒரு வரலாறு சொல்லவேண்டும். இங்கிலாந்தில் கழகங்கள் நீண்ட காலம் இதையே சட்டமாக வைத்திருந்தன. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் விட்டுக்கொடுக்காவிட்டால் வீரன் வேறெங்கும் ஆட முடியாது. 1960இல் நியூகாசல் கழகத்தின் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹம் போகக் கேட்டார். விடவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார், பிறகு வழக்கும் போட்டார். உழைக்கிறவனை இப்படிக் கட்டிவைப்பது நியாயமில்லை என்று 1963இல் நீதிமன்றம் சொன்னது. அதற்கிடையில் 1961இல் உச்சச் சம்பளக் கட்டுப்பாடும் போய்விட்டது. 1995இல் பொஸ்மன் என்ற பெல்ஜிய வீரரின் வழக்கோடு, ஒப்பந்தம் முடிந்தவன் தன் விருப்பப்படி போகலாம் என்பது ஐரோப்பா முழுக்க உறுதியானது. இந்த மூவரில் ஒருவரும் உலகப் புகழ்பெற்ற கோல் வீரர் இல்லை என்பதையும் கவனியுங்கள் என்று எழுத வந்தேன், எண்ணிப் பார்த்தால் இருவர்தான். பரவாயில்லை, அவர்கள் இருவரும் போட்ட பாதையில்தான் இன்றைய கோல் வீரர்கள் எல்லோரும் கோடி கோடியாக வாங்குகிறார்கள்.

சரி. இனி வாவிக்கரைக்குத் திரும்புவோம்.

அந்தப் பொடியன் என்னிடம் படித்தவன். சாதாரண தரத்தில் வரலாற்றுக்கு அவன் எடுத்த பெறுபேற்றை நான் சொல்லமாட்டேன், ஆனால் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து சண்டையை விலக்குகிறவன் அவன்தான். போன பருவத்தில் அஸருக்குப் பிறகு நடந்த ஓர் ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓரத்தில் வைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. நாமெல்லாம் ஆட்டத்தைத்தான் பார்த்தோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் காசு இல்லை. அவனுடைய உம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கழகத்தில் எவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஸலீமைப் போல அவனுக்கும் கூச்சம்.

குற்றத்தை மற்றவர்கள் மேல் மட்டும் போட எனக்கு உரிமை இல்லை. பருவ முடிவுப் பரிசளிப்பில் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்தவன் நான்தான். சிறந்த வீரர், கூடிய கோல் அடித்தவர், இறுதி ஆட்டத்தின் நாயகன் என்று மூன்று பரிசையும் முன்கள வீரர்களுக்கே வாசித்தேன். கால் தாங்கி நடந்துகொண்டு அவன் பின்வரிசையில் இருந்தான். கைதட்டினான். அவன் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதும்போது எனக்கு அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே குழுமத்தில் இருப்பவர்களிடம் என்னுடைய வேண்டுகோள் இவை.

முதலாவது, விலை பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செயலாளரிடம் ஆட்ட முடிவுகள் எழுதிய கொப்பி இருக்கிறது. அவன் ஆடிய ஆட்டங்களில் நாம் விட்ட கோல்களையும், அவன் காயத்தோடு வீட்டில் இருந்த ஆட்டங்களில் விட்ட கோல்களையும் இரண்டு நிரலாக எழுதுங்கள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கொப்பி சொல்லும்.

இரண்டாவது, எவ்வளவு கொடுப்பதானாலும் எழுத்தில் கொடுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதி, சாட்சி வைக்கச் சொல்கிறது. சிறிய தொகை, பெரிய தொகை என்று பார்த்து எழுதச் சோம்பாதீர்கள் என்கிறது. சொந்தக்காரன், ஊர்க்காரன், தெரிந்தவன் என்பதற்காக எழுதாமல் விடு என்று எங்கும் சொல்லவில்லை. கூலியாளின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பந்து விளையாடுபவனுக்கும் வியர்க்கும்.

மூன்றாவது, அந்த எழுத்தில் முழங்காலுக்கும் ஒரு வரி இருக்கட்டும். ஆட்டத்தில் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, ஆட முடியாத காலத்தில் என்ன கொடுப்பது என்று தெளிவாக எழுதுங்கள். வெளியூர்க் கழகத்தோடு போவதானாலும் அவன் இதைக் கேட்டு வாங்கவேண்டும். தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே என்று அவனிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். ஸலீமின் மகன் எழுதியது போன்ற ஒரு கடிதத்தை நாளைக்கு இவனுடைய பிள்ளை எழுத வேண்டிய நிலை வரக்கூடாது.

நான்காவது, நம்மிடம் உண்மையிலேயே காசு இல்லையென்றால் அவனை மனம் நோகாமல் அனுப்புங்கள். விடுவிப்புக் கடிதத்தை இழுத்தடிக்காதீர்கள். "நம்ம பொடியன்" என்ற சொல்லைப் பாசத்துக்குப் பாவியுங்கள், கயிறாகப் பாவிக்காதீர்கள்.

என்னுடைய சொந்தக் கருத்தைக் கேட்டால், அவனை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெளியில் இருந்து ஒரு முன்கள வீரனை எடுக்கும் காசில் அவனை ஒரு பருவம் முழுக்க வைத்திருக்கலாம். முன்கள வீரன் ஓர் ஆட்டத்தை வென்று தருவான். பின்னால் நிற்பவன் நாம் தோற்றிருக்கவேண்டிய ஆட்டங்களைக் காப்பாற்றுவான். அது கொப்பியில் எழுதப்படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு பயிற்சி ஆட்டம் இருக்கிறது. வருபவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் பாதி முழுக்கப் பந்தைப் பார்க்காதீர்கள். அவனை மட்டும் பாருங்கள். எங்கே நிற்கிறான், யாரைக் கூப்பிட்டு நகரச் சொல்கிறான், எந்தப் பந்து அவன் நின்றதால் வராமலே போகிறது என்று பாருங்கள். இடைவேளையில் தேநீர் என்னுடைய செலவு. அப்போது பேசுவோம் விலையை.

இந்த வருடப் பரிசளிப்பில் "சிறந்த பின்கள வீரர்" என்று நான்காவது பரிசு ஒன்று இருக்கும். அதற்கான கிண்ணத்தை நான் வாங்கித் தருகிறேன். பெயர் அதில் யாருடையது என்று நடுவர்கள் தீர்மானிக்கட்டும். ஒலிவாங்கியில் அதை முதலாவதாக வாசிப்பேன், இன்ஷா அல்லாஹ்.

பிழை இருந்தால் திருத்துங்கள். பழைய வீரர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால் உங்கள் கதைகளையும் கீழே எழுதுங்கள். எழுதி வைத்தால்தான் மிஞ்சும்.

வஸ்ஸலாம்.